மாகாளிக் கிழங்கும் எழுந்திருக்காத சிக்கம்மாவும்

அன்றைக்கு நியூஜெர்சியில் அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, நானும் இருந்தேன், நான்தான் பேசினேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

குளிர்பானக் கம்பெனியின் பெரிய அதிகாரி டேவிட். கம்பெனி வக்கீல் எலன் அம்மா. கம்பெனியில் வாசனை ஆராய்ச்சி செய்யும் ரவிசங்கர். ஊர் கும்பகோணம், வீடு ஈஸ்ட் பிரன்ஸ்விக். எங்கள் தரப்பு வக்கீல் ஜெனிபர். ஊர் நாகர்கோவில், வீடு பிளெய்ன்ஸ்பரோ. அப்புறம் நான், மாதம்மா. சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்கிற எங்கள் மலைச் சங்கத்தின் தலைவி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆக அறைக்குள் ஐந்து பேர்.

சுவரில் மாட்டிய பெரிய டிவிக்குள் எங்கள் ஊர் உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் நாற்பத்தோரு பேர், ஒரு கைக்குழந்தை, குறுக்கும் நெடுக்கும் போன ஒரு நாய். நியூஜெர்சியில் காலை, மலையில் விளக்கு வைக்கும் நேரம். பள்ளிக்கூட முற்றத்தில் பாய் விரித்து, செல்போனை ஒரு மூங்கிலில் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

நான் உட்கார்ந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. லேசாக அசைந்தால் போதும், பின்னால் போனது. பேச்சின் நடுவில் உருண்டுபோய்ச் சுவரில் முட்டினால் மலையின் மானமே போய்விடும் என்று, மேசைக் காலை என் காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டேன். அறையில் அடித்த குளிரில் விரல் விறைத்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் பேனா பிடிக்க வருமா என்பது இன்னொரு கவலை.

மூட்டைப்பூச்சி வாசம்

மாகாளிக் கிழங்கு தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்கு: பாறை இடுக்கில் வேர் இறக்கும் ஒரு கொடியின் கிழங்கு அது. கீழ்நாட்டில் மோரில் ஊறப்போட்டு ஊறுகாய் செய்வார்கள். பிடித்தவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

நான் கொண்டுபோன பாட்டிலை ஜெனிபர் தன் வீட்டுச் சமையலறையில் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூட்டைப்பூச்சி நசுக்கின மாதிரி இருக்கு. அபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருந்து பெஸ்ட் கன்ட்ரோல் ஆளை அனுப்பிடுவாங்க."

"அந்த மூட்டைப்பூச்சிக்குத்தான் கண்ணு, இந்த ஊர்க்காரங்க கியூவில நிக்கறாங்க" என்றேன்.

உண்மைதான். ரவிசங்கரின் கம்பெனி அந்தக் கிழங்கிலிருந்து வாசனையை மட்டும் பிரித்து ஒரு குளிர்பானம் செய்திருந்தது. குடித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வாசம், முடிவில் தொண்டையில் எங்கள் காடு.

ஒப்பந்தம் இதுதான். கிழங்கை இனி மண்டிக்காரர் வழியாக வாங்காமல் எங்கள் சங்கத்திடமே வாங்குவார்கள். கிழங்குக்கு விலை தனி. அந்தக் கிழங்கில் செய்து விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் மலைக்கு ஒரு பங்கு. இதற்கெல்லாம் அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு எங்கள் கிராம சபையின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் இல்லாமல் நான் திரும்பினால், பழையபடி மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. ஓட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால், எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் கிழங்கு கம்பெனிக்குப் போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் ஊரில் என் பெயரைத்தான் சொல்வார்கள். இதை நினைத்து நினைத்து ஒரு வாரமாக எனக்கு இட்லி இறங்கவில்லை.

"டென்ஷன் ஆகாதீங்கக்கா. அக்ரிமென்ட்டை நாலு தடவை ரிவ்யூ பண்ணிட்டேன்" என்றாள் ஜெனிபர்.

"நாலு தடவையும் ஒரே மாதிரித்தானே இருந்துச்சு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

எழுந்தால் சம்மதம்

எங்கள் ஜனத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் கூட்டத்தில் கை தூக்குவது கிடையாது. ஓட்டு கிடையாது. எல்லாரும் தரையில் உட்கார்ந்து பேசுவோம். சம்மதம் என்றால் எழுந்து நிற்க வேண்டும். இல்லை என்றால் உட்கார்ந்தபடியே இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் முடியாது. எழுந்துவிட்டாலோ பேச்சு முடிந்தது. மறுபடி உட்கார்ந்து, நான் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. இதனால் நாங்கள் பட்டதும் உண்டு.

நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிது. செல்போன் கோபுரம் நட ஒரு கம்பெனி வந்தது. எங்கள் மேட்டு நிலத்துக்கு அவர்கள் சொன்ன வாடகை ஓர் ஆட்டுக்குட்டி விலைகூட வராது. பொழுது சாயும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர்தான். களைத்துப் போய், "சரிங்க, இன்னொரு நாள் பேசலாம். ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார்.

எங்களுக்குப் போட்டோ என்றால் ஆசை. தலையைக் கோதிக்கொண்டு மொத்த ஊரும் எழுந்து நின்றது. படம் எடுத்தாயிற்று. அப்புறம்தான் ஒரு பெரியவர், "அடப்பாவிகளா, எல்லாரும் எழுந்துட்டோமே!" என்றார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு நாள் என்று கிளம்பியவரைக் கூப்பிட்டு நிறுத்தி, அதே வாடகைக்கு நிலத்தைக் கொடுத்தோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். புது மருமகள் இல்லையா! ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பெரியவர்களிடம் போய், "நாம எழுந்தது போட்டோவுக்குங்க, கோபுரத்துக்கு இல்லீங்க" என்று வாதாடினேன். அவர்கள் அசையவில்லை. எழுந்தது எழுந்ததுதான்.

அப்போது என் வீட்டுக்காரரின் அக்கா சிக்கம்மா, தூணில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "இத்தன வாய் இருக்கில்ல? அடுத்த கம்பெனிக்காரன் வந்தா இவளையே அனுப்புங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இப்படித்தான் நான் கம்பெனிக்காரர்களோடு பேசுகிறவள் ஆனேன். கல்குவாரிக்காரர் வந்தார், எழாமலே இருந்து அனுப்பி வைத்தோம். சாக்கடையை ஓடையில் விட்ட தங்கும் விடுதிக்காரர் வந்தார். தனிக் குழாய் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம். நெல்லிக்காய்க்கும் துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல்லுக்கும் சங்கமே விலை வைக்க ஆரம்பித்தது. அப்புறம் வார்டு உறுப்பினர், அப்புறம் சங்கத் தலைவி. ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரரைப் பார்த்து நான் பயந்த அளவு, உட்கார்ந்திருக்கும் சிக்கம்மாவைப் பார்த்தும் பயந்திருக்கிறேன். கடைசியாக எழுகிறவள் அவள்தான். முட்டி வலி என்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நியூஜெர்சி டிவியில் எங்கள் ஊர் தெரிந்ததே, அது அந்தக் கோபுரத்தின் புண்ணியம்.

நாற்பது பேர் எழுந்தார்கள்

ரவிசங்கர் ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் படித்தார். கும்பகோணத் தமிழ் எங்கள் ஆட்களுக்கு அங்கங்கே புரியவில்லை. நான் மலைப் பேச்சில் திருப்பிச் சொன்னேன். படித்து முடித்ததும் மலையில் குழந்தை மட்டும் அழுதது.

முதலில் என் கொழுந்தன் எழுந்தார். பிறகு பெண்கள் வரிசை. பிறகு இளவட்டங்கள் மொத்தமாக. டிவி முழுக்கக் கால்களாகத் தெரிந்தது.

கால்களுக்கு நடுவே ஒரு தலை. சிக்கம்மா. வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டேவிட் கைதட்டியபடி எழுந்து என் பக்கம் கை நீட்டினார். நாற்பத்தொன்றில் நாற்பது என்றால் அமோகமான வெற்றி, அவர்கள் கம்பெனிக் கூட்டத்தில்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது என்று அவர் சொன்னதாக ஜெனிபர் சொன்னாள்.

நான் கையைக் கொடுக்கவில்லை. எழவும் இல்லை.

"அக்கா, ஹேண்ட்ஷேக் பண்ணுங்க" என்று கிசுகிசுத்தாள் ஜெனிபர்.

"அவ எந்திரிக்கலையே."

"ஒருத்தர்தானே அக்கா?"

என் மனசுக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அமெரிக்கா, அவளுக்கு முட்டி வலி. ஊருக்குப் போகட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமாகவே எனக்குப் பட்டது. ஒரு சாடை காட்டினால் எழுந்துவிடுவாளோ என்று தோன்றியது. ஆனால் சாடை காட்டி எழுப்பினால் அப்புறம் எதற்கு வழக்கம்?

"பேச்சு இன்னும் முடியலைன்னு இவங்ககிட்டச் சொல்லு கண்ணு. எங்க ஊருல எந்திரிச்சாத்தான் சம்மதம். அவ எந்திரிக்கிற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்."

ஜெனிபர் மொழிபெயர்த்தாள். நீட்டிய கையோடு நின்ற டேவிட், கையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் மலையில் நின்ற நாற்பது பேருக்கும் குழப்பம். எழுந்தவர்கள் உட்காரக் கூடாது. ஆனால் எழுந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்துவிட்டாரே!

"ஏனுங்க மாதக்கா, அந்தத் தொரை வாக்கு மாறிட்டாரா?" என்று ஒருவன் கத்தினான்.

"இல்லப்பா, அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது" என்றேன்.

"அண்ணி, என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றேன் டிவியைப் பார்த்து.

சிக்கம்மா அவசரப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்; அதுவும் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்.

"நாற்காலி மெத்துனு இருக்குதா மாதி?"

"அண்ணி!"

"இல்ல, கேட்டேன். நம்ம கெழங்குல செய்யற பாட்டிலுக்குத்தானே பங்கு? நம்மகிட்ட வாங்காம, அவங்க ஊருலயே நட்டுக்கிட்டா?"

நான் ஜெனிபரைப் பார்த்தேன். ஜெனிபர் காகிதங்களைப் புரட்டினாள். புரட்டிய வேகத்திலேயே, அதில் அப்படி ஒன்றும் எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன். ரவிசங்கர் மட்டும் எதையும் புரட்டாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நட்டிருக்கீங்களா?" என்றேன்.

"டெக்சாஸ்ல ஒரு கிரீன்ஹவுஸ்ல டிரையல் போயிட்டிருக்குக்கா. அனுமதி வாங்கிக் கொண்டுவந்த விதைதான். ரகசியம்லாம் இல்ல. யாரும் கேக்கல, அதான்."

"நல்லா வளருதா?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த மனிதருக்கே பெருமை தாங்கவில்லை. "சூப்பரா வருதுக்கா" என்றார்.

இப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வருஷம் எங்களிடம் வாங்குவார்கள். டெக்சாஸ் கிழங்கு தேறியதும் நிறுத்துவார்கள். எங்கள் கிழங்கு என்றால் பங்கு; டெக்சாஸ் கிழங்கு என்றால் ஒன்றும் இல்லை. நாற்பது பேரும் நானும் எழுந்திருப்போம். எழுந்தது எழுந்ததுதான்.

ஜெனிபருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அதற்கு அப்புறம் அந்தப் பெண் பேசிய பேச்சு இருக்கிறதே! எங்கே விளைந்தாலும் பங்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பேசினாள். டேவிட் முடியாது என்றார், கட்டுப்படியாகாது என்றார், கடிகாரத்தைப் பார்த்தார். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் அவருக்கு ரயில் இருந்ததாம். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். மலையில் களி கிண்டிக் கொண்டுவந்து, நின்றவர்கள் நின்றபடியும் சிக்கம்மா உட்கார்ந்தபடியும் சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எலன் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

டிவி அதிர்ந்தது. "அந்தம்மா ஒத்துக்கிட்டா! அந்தம்மா ஒத்துக்கிட்டா!" விசில் வேறு. நாய் குரைத்தது.

எலன் அம்மா பதறி, "ரெஸ்ட்ரூம், ரெஸ்ட்ரூம்" என்றார். ஜெனிபர் மலைக்கு விளக்கினாள். அங்கே ஒரே சிரிப்பு. கடைசியில் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். போன காரியம் முடிந்து திரும்பி வந்தவர், உட்காருவதற்கு முன் டேவிட்டின் காதில் என்னவோ சொன்னார். இந்தச் சபை எழாவிட்டால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாவிட்டால் பாட்டிலை நாடு முழுக்கக் கடைகளில் வைக்க முடியாது என்பதுதான் அது என்று ஜெனிபர் பிறகு சொன்னாள். சட்டம் தெரிந்த அம்மா.

குட்டிக்கும் பால்காசு

டேவிட் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்மணிக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

நானே சொல்லியிருக்கலாம். தலைவிதானே! ஆனால் உட்கார்ந்திருப்பது அவள். "அவங்களையே கேளுங்க" என்று டிவியைக் காட்டினேன்.

சிக்கம்மா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தாங்க தொரை. நம்ம கெழங்கு உங்க ஊருல குட்டி போட்டிருக்குது. போடட்டும், வேண்டாங்கல. அந்தக் குட்டி கறக்கற பாலுக்கும் எங்களுக்குக் காசு வரோணும்."

ஜெனிபர் இதைச் சொன்னதும் டேவிட் முதன்முறையாகச் சிரித்தார். குட்டியின் குட்டிக்கு என்று கேட்டார்.

"அதுக்குந்தான்."

அவர் காகிதத்தில் என்னவோ கிறுக்கினார். மலைக் கிழங்கு பாட்டிலுக்கு ஒரு பங்கு என்றால், டெக்சாஸ் கிழங்கு பாட்டிலுக்கு அதில் பாதி. குட்டி, குட்டியின் குட்டி, எங்கே நட்டாலும் சரி.

என் வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முக்கால்" என்றாள் சிக்கம்மா.

டேவிட் ரவிசங்கரைப் பார்த்தார். ரவிசங்கர், இவர் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கே சந்தேகம் வரும்படி, மெல்லத் தலையாட்டினார். டேவிட் பேனாவை மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி, நேராக எழுந்து நின்றார்.

எலன் அம்மா எழுந்தார். ரவிசங்கர் எழுந்தார். ஜெனிபர் எழுந்தாள்.

"ரெஸ்ட்ரூமுக்கா?" என்றாள் சிக்கம்மா.

"இல்லண்ணி, முக்காலுக்கு!"

"அப்ப ஏற்கெனவே வித்த பாட்டிலு?"

ரவிசங்கர் மறுபடி தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். டெக்சாஸ் கிழங்கில் செய்த முதல் பாட்டில்களை, நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற எடிசனிலும் சன்னிவேலிலும் சில கடைகளில் மட்டும் வைத்து விற்றுப் பார்த்தார்களாம். நின்றபடியே டேவிட் அதற்கும் ஒத்துக்கொண்டார். எழுந்தவர் அல்லவா, இனி மறுபடி உட்கார முடியாது என்று அதற்குள் பழகிவிட்டார். எலன் அம்மா கையால் எழுதிச் சேர்த்தார். ஜெனிபர் எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

மலையில் சிக்கம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். இரண்டு பெண்கள் தூக்க வந்தார்கள்; தள்ளிவிட்டாள். ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி. டிவியில் அவள் தலை மறைந்து கால்கள் தெரிந்தன. நாற்பத்தோரு பேரின் கால்கள். வெள்ளிக் காப்பு போட்ட கணுக்கால்கள் அவளுடையவை.

மேசைக் காலிலிருந்து என் காலை எடுத்தேன். நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. முட்டட்டும் என்று விட்டேன். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பேனா பிடிக்க வந்தது. கையெழுத்து என் பெயரைவிடப் பெரிதாக விழுந்தது. ஜெனிபர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாரிக்கா, நான் மிஸ் பண்ணிட்டேன்" என்றாள். "நானுந்தான் கண்ணு" என்றேன். டேவிட் ரயிலைத் தவற விட்டார். அடுத்த ரயில் வரும்வரை என் ஊறுகாயைத் திறந்து, ஒரு பிஸ்கட்டில் தடவிச் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு என்னவோ சொன்னார். நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஊரில் எனக்கு மேளம் வைத்தார்கள். நான் சிக்கம்மாவை முன்னால் நடக்கச் சொன்னேன். முட்டி வலி என்று ஜீப்பில் ஏறிக்கொண்டு, அதிலிருந்து எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு வந்தாள்.

வர வேண்டியது

முதல் பங்கு சங்கத்தின் கணக்கில் ஏறியது. கிழங்குக் கிடங்குக்குக் கூரை மாற்றினோம். இரண்டாவது பங்கும் சொன்ன மாதத்தில் வந்தது. அதில் டெக்சாஸ் குட்டியின் முக்காலும் இருந்தது. ஜெனிபர் காசோடு கணக்கையும் கேட்டு வாங்கி அனுப்பினாள். மண்டிக்காரர் இப்போது சங்கத்துக்கு வந்து, இந்த வாரம் என்ன விலை என்று எங்களைக் கேட்கிறார்.

அந்த முதல் பாட்டில்களின் காசு மட்டும் இன்னும் வரவில்லை. இன்று காலையும் ரவிசங்கருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அக்கவுன்ட்ஸ்ல ப்ராசஸ் ஆகிட்டிருக்கு. கண்டிப்பா வந்துடும். நீங்க கவலையே படாதீங்க."

"கவலப்படறது என் வேலை தம்பி. காசு போடறது உங்க வேலை."

எங்கள் மலையில் கடன் என்றால் நாங்கள் அடைக்க வேண்டியது என்றுதான் அர்த்தம். மளிகைக்கு, மண்டிக்கு, மருந்துக் கடைக்கு. எங்களுக்கு ஒருவர் கடன்பட்டிருப்பது இதுதான் முதல் தடவை. அதனால் பிள்ளைகளை விட்டுச் சங்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று வாசித்துவிட்டுத்தான் போகிறார்கள்: கம்பெனி தர வேண்டிய பாக்கி, ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.